வெட்டுப்பட்ட லீ-என்ஃபீல்டுக்கு மறுபடியும் பட்டாள உருவம்

பள்ளியிலோ கல்லூரியிலோ என்.சி.சி. அணிவகுப்பில் .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளைத் தோளில் சுமந்தவர்களுக்கு அதன் முகம் மறந்திருக்காது. குழலின் நுனியோடு முடிந்துவிடும் மொட்டை மூக்கு, முன்குறியை இருபுறமும் காக்கும் இரண்டு காதுகள், நுனிவரை போர்த்திய மரம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா எங்கும் உபரியாக விற்கப்பட்ட ரைஃபிள்களில் ஏராளமானவை அந்த முகத்தை இழந்தன. வேட்டைக்கு எடை குறைய வேண்டுமென்று குழலுக்கு அடியிலுள்ள முன்கட்டையை நடுவில் அறுத்து உருட்டிவிட்டு, குழலின் மேலிருந்த மர மேல்மூடிகளையும் நுனியிலிருந்த இரும்பு மூடியான நோஸ்கேப்பையும் தூக்கி எறிந்தார்கள். அப்படி வெட்டுப்பட்ட ஒன்றுக்கு, பழையதைப் பார்த்துப் புதிதாகச் செய்த மாதிரி உறுப்புகளைக் கொண்டு பழைய உருவம் கொடுத்த வேலையின் பதிவு இது. ரைஃபிள், பர்மிங்காம் பி.எஸ்.ஏ. ஆலையின் 1917ஆம் ஆண்டு நம்பர் 1 மார்க் 3 ஸ்டார்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த ரைஃபிளில் மரம் வெறும் அலங்காரம் இல்லை. சுடும்போது வரும் பின்னுதையை முன்கட்டையின் பின்முனை தாங்குகிறது. ட்ரிகர் தொங்குவது ட்ரிகர் கார்டில். அந்தக் கார்டுக்கும் ரைஃபிளின் உடலுக்கும் (குழல் திருகி நிற்கும் எஃகுப் பகுதி) நடுவே இருப்பது இந்த மரம்தான். மரத்தின் தடிப்பு மாறினால் ட்ரிகரின் இழுப்பும் மாறும். ஆகவே "வெளித்தோற்றத்துக்குத்தானே" என்று மாதிரிக் கட்டையை மாட்டி நான்கு ஸ்க்ரூவை முடுக்கினால், பார்க்க அழகாகவும் கையாள ஆபத்தாகவும் ஒரு பொருள் கையில் இருக்கும். நேரத்தில் பெரும்பகுதி மரத்துக்கே போக வேண்டும். பித்தளைப் பொட்டும் வாரும் கடைசி அரைமணி நேர வேலை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

முதலில் ரைஃபிள் காலி என்பதை உறுதி செய்து, தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் போல்ட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். வேலை முடியும் வரை அது அங்கேயே இருக்கட்டும். பிறகு குழலை அளந்து பாருங்கள். மூல நீளம் 25.2 அங்குலம், ஏறக்குறைய 640 மி.மீ. இதில் ஒரு விரற்கடை குறைந்திருந்தாலும் நோஸ்கேப் உட்கார வேண்டிய இடத்தில் உட்காராது, முன்குறி காதுகளுக்கு நடுவே வராது. வெட்டிய குழலோடு வரும் ரைஃபிளுக்கு இந்தப் பணத்தைச் செலவிடாதீர்கள். வேட்டைக்காரர் மாற்றிய வடிவிலேயே அது நன்றாக இருக்கும்.

அடுத்து முன்குறியின் பீடம். வேட்டைக்காக அதை எடுத்துவிட்டு வளையக் குறி பொருத்தியிருந்தால், மூலப் பீடத்தைத் தேடி, காடி பார்த்து, ஊசி அடித்து மாட்ட வேண்டும். அது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின் வேலை. உடலின் இடப்புறத்தில் தொலைநோக்கிக்காகத் துளைத்த ஓட்டைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். துளைகளை அடைத்து மறைக்கலாம், ஆனால் ரைஃபிளின் மதிப்பு திரும்பாது.

உடலிலோ குழலிலோ "டி.பி." (ட்ரில் பர்ப்பஸ்) என்று முத்திரை இருந்தால் அது பயிற்சிக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது, ஒருபோதும் சுடக் கூடாது. அந்த முத்திரையைப் புது மரத்தால் மறைத்து விற்பது ஆளைக் கொல்லும் வேலை. டி.பி. ரைஃபிளிலிருந்து கழற்றிய மரத்தையும் வளையங்களையும் எடுத்துக்கொள்ளலாம், போல்ட்டையும் குழலையும் தொடக் கூடாது. உரிமம், பதிவு விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் .303 தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால், இங்கே சொல்லும் வேலை இந்த ரைஃபிளை முறையாக வைத்திருக்க முடிகிற நாடுகளுக்கே பொருந்தும்.

எந்த ஆண்டு, எந்த உடை

மாதிரி உறுப்பு விற்பவர்களின் பட்டியலில் கண்ணைக் கவர்வது வாலி சைட். முன்கட்டையின் இடப்புறத்தில் ஒரு வட்டத் தகடும் முள்ளும், பின்னால் சேஃப்டியின் பக்கத்தில் எழுந்து நிற்கும் துளைக்குறியும் சேர்ந்தது. 2,800 கெஜம் வரை ஒரு படைப்பிரிவே சேர்ந்து குண்டுமாரி பொழிவதற்கென வைத்தது. 1907இல் வந்த மார்க் 3இல் இது இருந்தது. போரில் உற்பத்தியை வேகப்படுத்த 1916இல் ஏற்கப்பட்ட மார்க் 3 ஸ்டாரில் இதை விட்டுவிட்டார்கள். மேகசினிலிருந்து தோட்டா ஏறாமல் தடுக்கும் கட்-ஆஃப் தகடும், பின்குறியைப் பக்கவாட்டில் நகர்த்தும் அமைப்பும் அப்படியே போயின.

ஆக, 1917ஆம் ஆண்டு உடலுக்கு வாலி சைட் மாட்டுவது பேரனுக்குத் தாத்தாவின் மீசையை ஒட்டுவது மாதிரி. இந்த ரைஃபிளுக்கு அதை வாங்கவில்லை. 1915க்கு முந்தைய மார்க் 3 கையில் இருப்பவர்கள் தாராளமாக மாட்டலாம், இரண்டு எச்சரிக்கைகளோடு. தகட்டுக்கான பள்ளத்தை மாதிரிக் கட்டையில் செதுக்கும்போது அந்த இடத்தில் மரச்சுவர் எவ்வளவு மெலிது என்பதை, குழல் படுத்திருக்கும் கால்வாயின் உட்புறமிருந்து அளந்துகொள்ளுங்கள். ஸ்க்ரூவின் முனை கால்வாய்க்குள் நீட்டிக் குழலைத் தொட்டால், அது குழலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். பின்னாலுள்ள துளைக்குறி, சேஃப்டியின் வில்லைப் பிடிக்கும் ஸ்க்ரூவையே பங்கு போட்டுக்கொள்கிறது. மாதிரி உறுப்பின் தடிப்பு அரை மி.மீ. மாறினாலும் அந்த வில் தளர்ந்து சேஃப்டி தானாக நகரும். மாட்டிய பின் சேஃப்டி முன்னும் பின்னும் 'டக்' என்று உட்காரவில்லையென்றால் கழற்றிவிடுங்கள். அழகுக்காகச் சேஃப்டியை விட்டுக்கொடுப்பதற்கில்லை.

கட்-ஆஃப் தகட்டுக்கு உடலின் வலப்புறத்தில் நீளக் காடி வேண்டும். மார்க் 3 ஸ்டாரிலும் பல உடல்களில் அந்தக் காடி வெட்டப்பட்டே வந்தது, சிலவற்றில் இல்லை. காடி இருந்தால் மாதிரித் தகடு மாட்டலாம். இல்லாத உடலில் அதற்காகப் புதிதாகக் காடி வெட்டாதீர்கள்.

கழற்றும் வரிசை

இங்கேதான் அதிகம் பேர் மரத்தை உடைக்கிறார்கள். தோளில் வைக்கும் பின்கட்டையான அடிக்கட்டைக்குள் நீளவாக்கில் ஓடும் இறுக்கு போல்ட்டின் முன்முனை சதுரமாக இருக்கும். அது உடலைத் தாண்டி வந்து, முன்கட்டையின் பின்புறத்திலுள்ள சிறு தகட்டில் பொருந்தி நிற்கிறது. முன்கட்டை மாட்டியிருக்கும்போதே பின்னாலிருந்து நீளத் திருப்புளியால் போல்ட்டைத் திருகினால், அந்தச் சதுரம் சுழன்று முன்கட்டையின் பின்முனையைப் பிளந்துவிடும். எப்போதும் முன்கட்டை முதலில், அடிக்கட்டை பிறகு. திரும்பப் பூட்டும்போது அடிக்கட்டையை இறுக்கி, சதுரத்தின் பக்கங்கள் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று பார்த்த பின்னரே முன்கட்டையை ஏற்ற வேண்டும்.

திருப்புளியின் வாயை ஒவ்வொரு ஸ்க்ரூத் தலைக்கும் ஏற்றபடி அரத்தில் தேய்த்துக்கொள்ளுங்கள். நூறாண்டு பழைய ஸ்க்ரூவில் வாய் வழுக்கினால் அந்தக் கீறல் வேலை முடிந்த பிறகும் கண்ணை உறுத்தும். திருகாத ஸ்க்ரூவுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருங்கள். இந்த ஸ்க்ரூக்களின் மரை என்ஃபீல்டுக்கே உரியது. கடையில் கிடைக்கும் மெட்ரிக் ஸ்க்ரூவை வலிந்து ஏற்றினால் உடலின் மரை போய்விடும், அதற்கு மாற்று கிடையாது.

முழுக் கட்டையா, ஒட்டுக் கட்டையா

இரண்டு வழிகள் உண்டு. முழுதாக ஒரு மாதிரி முன்கட்டை வாங்குவது ஒன்று. வெட்டுப்பட்ட மூலக் கட்டையின் முன்னால், மாதிரிக் கட்டையின் முன்பாதியை ஒட்டுவது மற்றொன்று. மூலக் கட்டையின் பின்முனையில் உடலைத் தாங்கும் இரண்டு முகங்களும் நசுங்காமல், எண்ணெயில் ஊறி மிருதுவாகாமல் இருந்தால் ஒட்டுவதே மேல். அந்த முகங்கள் நூறாண்டாக அதே உடலோடு பழகியவை, புதுக் கட்டையில் அந்தப் பொருத்தத்தைக் கொண்டுவர இரண்டு மூன்று நாள் செதுக்க வேண்டும். 1917 ரைஃபிளில் முகங்கள் சுத்தமாக இருந்ததால் ஒட்டுவது என்று முடிவானது.

ஒட்டு விழும் கோடு நடுவிலுள்ள வார்வளையத்தின் அடியில் மறைய வேண்டும். அப்போதுதான் வெளியே தெரியாது. மூலக் கட்டையின் உருட்டிய முனையை அந்த இடத்தில் செங்குத்தாக அறுத்து, முகத்தைச் சமதளக் கண்ணாடி மேல் ஒட்டிய 120ஆம் எண் உப்புத்தாளில் தேய்த்து நேராக்குங்கள். பக்கத்தில், குழலைக் கட்டையோடு பிடிக்கும் உள்வளைய ஸ்க்ரூவின் துளை இருப்பதால், கோடு அதற்குள் விழாமல் வளையத்தின் முன்னோரத்தை ஒட்டி அமைவது நல்லது. மாதிரித் துண்டை முதலில் 2 மி.மீ. நீளமாகவே அறுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இறக்குங்கள். குறைத்துவிட்டால் நோஸ்கேப் பின்னால் போய், முன்குறி காதுகளைத் தாண்டி நீட்டும்.

முகத்தோடு முகம் ஒட்டினால் மட்டும் போதாது. இந்த ரகத்தில் துடைப்புக் கம்பிக்கான துளை கிடையாது, கால்வாயின் அடியில் மரம் முழுதாகவே இருக்கிறது. அந்தத் தடிப்பில் 3 மி.மீ. மரையிட்ட பித்தளைக் கம்பி இரண்டு, ஒவ்வொரு பக்கமும் 30 மி.மீ. உள்ளே போகும்படி வைத்தோம். துளையை 4 மி.மீ. ஆகப் போடுங்கள். சிறிது நகர இடமிருந்தால்தான் இரண்டு துண்டுகளும் குழலை வைத்து நேராகும். துளை இறுக்கமாக இருந்தால் கம்பி சொன்னபடி கட்டை கோணும்.

பழைய வால்நட் மரத்தில் எண்ணெய் ஊறியிருக்கும், எபாக்சி பிடிக்காது. அசிட்டோனில் நனைத்த துணியால் முகத்தையும் துளைகளையும் மூன்று நான்கு முறை துடைத்து, துணியில் பழுப்பு வருவது நிற்கும் வரை விடாதீர்கள். இதைச் சோம்பி விட்டுவிட்ட ஒட்டுகள் ஓராண்டுக்குள் முடிபோல் கோடு விட்டுத் திறந்துகொள்ளும். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி வேண்டாம், 24 மணி நேரத்தில் இறுகும் வகையே உறுதி.

ஒட்டும்போது குழலே அச்சு. குழலுக்கும் உடலுக்கும் நிறமில்லாத ஷூ பாலிஷ் இரண்டு பூச்சு தடவி மெருகேற்றுங்கள், அப்போது எபாக்சி ஒட்டாது. மூலக் கட்டையை உடலில் ஏற்றி, முன்துண்டை ஒட்டி, நோஸ்கேப்பை மாட்டி, பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டிச் சுற்றி இறுக்குங்கள். நோஸ்கேப் ஒரு பக்கம் சாய்கிறதா என்று பின்குறியிலிருந்து பார்த்துச் சரி செய்ய ஏறக்குறைய இருபது நிமிடம் கிடைக்கும். வழிந்த எபாக்சியை ஸ்பிரிட் துணியால் அப்போதே துடைத்துவிடுங்கள். காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் எண்ணெய் ஏறாமல் வெளிறிய திட்டு நிற்கும்.

உடலில் உட்கார வைப்பது

முழு மாதிரிக் கட்டை வாங்கியவர்களுக்கு இந்தப் பகுதிதான் உயிர். கட்டை உடலில் தளர்வாக நுழைந்தால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். நல்ல கட்டை கையால் அழுத்தியும் ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டியும்தான் ஏற வேண்டும். ஸ்க்ரூ எதுவும் போடாமல் தலைகீழாகப் பிடித்தாலும் விழக் கூடாது.

பின்முனையின் இரண்டு தாங்குமுகங்களில் உடல் சமமாகப் படுகிறதா என்று பார்க்க, உடலின் அந்த இடங்களில் பிரஷ்ய நீலச் சாயத்தையோ விளக்குக் கரியையோ மெல்லத் தடவி, கட்டையை ஏற்றி இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் கறை பட்டால் அந்தப் பக்கத்தை உளியால் சுரண்டுங்கள். ஒரு சுரண்டல், ஒரு சோதனை. உப்புத்தாளால் தேய்த்தால் முகம் உருண்டு, பிறகு ஓரத்தில் மட்டுமே படும். ஒற்றைப் பக்கம் சுமை வாங்கும் கட்டை சில பெட்டித் தோட்டாக்களிலேயே பின்னால் பிளக்கும். அளவுக்கு மீறிச் சுரண்டிவிட்டால் கடின மரச் சில்லை ஒட்டிச் சரி செய்யலாம். ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலை, மிருதுவான கோச்வுட் மரத்துக்குப் போனபோது இந்த இடத்தில் செப்புத் தகடே வைத்தது. அந்த முகங்கள் எவ்வளவு சுமக்கின்றன என்பதற்கு அது போதும்.

அதே நேரம் கட்டையின் பின்னோரம், அடிக்கட்டை நுழையும் இரும்புக் கிண்ணத்தை முட்டக் கூடாது. நடுவில் தடித்த அட்டை ஒன்று நுழையும் இடைவெளி விடுங்கள்.

ட்ரிகர் கார்டின் முன் ஸ்க்ரூவைச் சுற்றி ஒரு சிறு குழாய் இருக்கும். மாதிரிக் கட்டையோடு பெரும்பாலும் வராது, பழையதிலிருந்து எடுத்து வையுங்கள். மரம் அந்தக் குழாயைவிட மயிரிழை தடிப்பாக இருக்க வேண்டும். இறுக்கும்போது மரம் சற்று அமுங்கி, பிறகு இரும்பும் இரும்பும் சந்தித்து நிற்க வேண்டும். குழாய் நீளமாக இருந்தால் ஸ்க்ரூ இறுகியும் கட்டை ஆடும். குழாயே இல்லாமல் போனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ட்ரிகர் இழுப்பு வேறாக இருக்கும். மேகசின் நிற்கும் உயரமும் மாறி, தோட்டா தடுக்கும்.

குழல் கால்வாயில் எங்கெங்கே படலாம் என்பதும் முக்கியம். பின்னால் தடித்த பகுதி மரத்தில் நன்றாக உட்கார வேண்டும். அதற்கு முன்னால் பக்கங்களில் எங்கும் உரசக் கூடாது. நுனிக்கருகே கட்டையில் வில் வைத்த சிறு முளை ஒன்று குழலை மேலே தள்ளுகிறது. மாதிரிக் கட்டைகள் பலவற்றில் அதற்கான துளையே இருப்பதில்லை, அல்லது துளை இருந்து முளை இருப்பதில்லை. அதைத் தேடிப் போடுங்கள். பூட்டி முடித்த பின் குழல் நுனியை விரலால் கீழே அழுத்தினால் சற்று இறங்கி, விட்டதும் எழ வேண்டும். உள்வளைய ஸ்க்ரூவை முழுக்க இறுக்கி ஒரு சுற்று தளர்த்துவது வழக்கம். அதன் வில் வேலை செய்ய இடம் வேண்டும்.

நோஸ்கேப்பும் மேல்மூடிகளும்

மாதிரி நோஸ்கேப் வாங்கினால் முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் அது துத்தநாகக் கலவை வார்ப்பு. சுவரில் மாட்டும் ரைஃபிளுக்கு அது போதும், சுடும் ரைஃபிளுக்கு வேண்டாம். எஃகைக் கறுப்பாக்கும் திரவமும் அதில் சரியாகப் பிடிக்காது. எஃகு வார்ப்பாக இருந்தால் வார்ப்புக் கோடுகளை நுண்ணரத்தால் எடுத்து, 240, 400 எண் தாள்களில் தேய்த்து, கொதிநீரில் சூடாக்கி, கறுப்புத் திரவத்தை மூன்று முறை பூசுங்கள். கொழுப்பு துளி இருந்தாலும் அந்த இடம் சாம்பல் நிறமாக நிற்கும். அசல் பழைய நோஸ்கேப் கிடைத்தால் விலை கூடுதலானாலும் அதையே எடுங்கள். அடிப்பக்கக் குமிழ் 1907 மாதிரி பயனெட்டைத் தாங்குவது, வார்ப்பில் அளவு பிசகினால் வளையம் ஏறாது.

நோஸ்கேப் குழலைப் பக்கவாட்டில் நெருக்கினால் நோஸ்கேப்பின் துளையை அரத்தால் பெரிதாக்காதீர்கள். அது உட்காரும் மரத்தைச் செதுக்கி இடத்தைத் திருத்துங்கள். ஒட்டுக் கட்டையில் பயனெட் மாட்டிக் காட்சிக்கு வைக்கலாம், அதைப் பிடித்து ரைஃபிளைத் தூக்கக் கூடாது.

பின் மேல்மூடி இரண்டு எஃகுக் கவ்விகளால் குழலைப் பற்றி நிற்கிறது. மாதிரிக் கவ்விகளின் ஓரம் கூர்மையாக வரும், தேய்த்து மழுக்காவிட்டால் குழலில் கோடு போடும். பின்குறியின் இருபுறமும் நீளும் மெல்லிய மரக் காதுகள் உடையாத பழைய மேல்மூடியைப் பார்ப்பதே அரிது. மாட்டும்போதும் கழற்றும்போதும் இரு கைகளாலும் கவ்விகளின் மேலேயே அழுத்தமோ இழுப்போ போக வேண்டும், காதுகளைப் பிடிக்கவே கூடாது. முன் மேல்மூடிக்கு நீளத்தில் அரை மி.மீ. தளர்வு விடுங்கள், ஈரக்காற்றில் மரம் உப்பும்போது முட்டிக்கொள்ளாமல் இருக்க.

நிறம்

புது மரம் வெளிறி, பழையது கரும்பழுப்பாக இருக்கும். பழையதை உப்புத்தாளால் தேய்த்துப் புதியதோடு சேர்க்க முயல்வது மிகப் பெரிய தவறு, ஆலை முத்திரைகள் அதோடு போய்விடும். பழைய பள்ளங்களை ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் வைத்து ஆவியில் எழுப்பினால் போதும். புது மரத்தை வெந்நீரில் துடைத்து, நார் எழும்பியதும் 240ஆம் எண் தாளால் நீவி, இப்படி மூன்று முறை செய்தபின், ஸ்பிரிட்டில் கரைத்த பழுப்புச் சாயத்தை அறுத்தெடுத்த துண்டில் சோதித்துப் பூசுங்கள். எண்ணெய் ஏறியதும் நிறம் இன்னும் இரண்டு படி இருளும் என்பதால் சாயத்தை வெளிறலாகவே நிறுத்துங்கள். பிறகு ஆளிவிதை எண்ணெய், கையால் சூடுவரத் தேய்த்து, ஒரு நாளுக்கு ஒரு பூச்சு, எட்டுப் பத்து நாள். வார்னிஷ் வேண்டாம். எண்ணெய்த் துணிகளைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயவிடுங்கள்.

அடிக்கட்டையின் பித்தளைப் பொட்டுக்கு (படைப்பிரிவின் குறி பொறிக்கும் வட்டத் தகடு) ஒரே ஸ்க்ரூ. 1917 ரைஃபிளுக்கு அதுவும் தேவையில்லை, துளை இருந்தால் விட்டுவிடலாம். ரைஃபிள்களை ஒன்றோடொன்று கோத்து நிறுத்த நோஸ்கேப்பின் முன்னாலுள்ள கூட்டு வளையமும் அப்படியே. பித்தளைத் தலைப்பு வைத்த காக்கி நெசவு வார், பித்தளை அடித்தகட்டின் கதவுக்குள் பித்தளை எண்ணெய்க் குப்பி, துடைப்புக் கயிறு இவை மூன்றும் எந்த ஆண்டுக்கும் இசையும், விலையும் அதிகமில்லை. புது மரத்தில் போலி முத்திரை மட்டும் அடிக்காதீர்கள். கால்வாயின் உட்புறத்தில், வெளியே தெரியாதபடி, மரம் மாற்றிய ஆண்டைப் பொறித்துவிடுங்கள். அடுத்து வாங்குபவர் எது 1917, எது புதிது என்று கழற்றியதும் தெரிந்துகொள்வார்.

போல்ட்டைத் திரும்பப் போட்டு, காலியாகவே சோதியுங்கள். ட்ரிகரில் இரண்டு கட்ட இழுப்பு தெளிவாக இருக்க வேண்டும். முதல் கட்டம் காணாமல் போயிருந்தால் கார்டு அதிகமாக மேலேறியிருக்கிறது, மரம் அல்லது குழாய் குட்டை. போல்ட்டைப் பலமாக அடித்து மூடியும், அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் தட்டியும் பாருங்கள், தோட்டாவை வெடிக்கவைக்கும் அடிமுள் விழக் கூடாது. சேஃப்டியை இரண்டு நிலையிலும் சோதியுங்கள். இதில் ஒன்று தவறினாலும் தோட்டா போடாமல் துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். எல்லாம் சரியென்றால் முதல் இருபது தோட்டாவுக்குப் பிறகு ட்ரிகர் கார்டின் முன் ஸ்க்ரூவை மறுபடி பாருங்கள். புது மரம் அதற்குள் அமுங்கி, கால் சுற்று தளர்ந்திருக்கும்.